நாலு பேர் எங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று பயந்தே எல்லோரும் ஊரோடு ஒத்துப்போய்விடுகிறார்களே, சொந்தப் புத்தி என்று ஒன்று கிடையாதா? (தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.)

பதில்: வெளியிடவில்லை. நாலு பேருக்கும் தெரியாது, நிம்மதியாக இருங்கள்.

அந்த நாலு பேரைத்தான் நானும் ரொம்பக் காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நம் சட்டை, நம் சம்பளம், நம் வீட்டுச் சண்டை என்று சதா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, வேறு ஜோலி கிடையாதா அவர்களுக்கு? சந்தேகப்பட்டு யாரையாவது பிடித்து விசாரித்தால், "ஐயோ, எனக்கு ஒன்றுமில்லை சார், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான்..." என்று இழுக்கிறார். அவருக்கும் ஒரு நாலு பேர். அந்த நால்வருக்கும் தலா நாலு. 16, 64 என்று பெருக்கிக்கொண்டே போனால் 17-ஆவது படியில் உலக ஜனத்தொகையே தீர்ந்துவிடும். அப்போதும் 'அது நான்தான்' என்று ஒருவர் கை தூக்க மாட்டார்.

அதென்ன நாலு, மூன்று போதாதா என்றால், போதும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து அளந்தே பார்த்துவிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். கூசாமல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். எதிரே ஒரே ஆள் தப்பாகச் சொன்னபோது மாணவர் அவ்வளவாக அசையவில்லை. இரண்டு பேர் சொன்னபோது 13.6 சதவீதம் தப்பு. மூன்று பேர் என்றதும் 31.8. அதற்குமேல் 15 பேர்வரை உட்காரவைத்தும் பெரிய வித்தியாசமில்லை. நம் பெரியவர்கள் ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். உடனே 'ஆஷுக்கு முன்பே கண்டுபிடித்தோம்' என்று யாரும் கட்டுரை அனுப்ப வேண்டாம். அந்த ரகக் கட்டுரைகள் ஏற்கெனவே என் மேஜையில் இடுப்புயரத்துக்குக் கிடக்கின்றன.

பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றபோது கூட்டத்துக்குத் தலையாட்டுவது குறைந்துவிட்டது. பெயர் வேண்டாம் என்று எழுதுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, யாரும் அடிக்கவில்லை, அபராதம் போடவில்லை; பிறகு என்ன பயம்? ஆஷிடம் உதவியாளராக இருந்த ஸ்டான்லி மில்கிராம், 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலுக்குத் தன் மாணவர்களை அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல் "உங்கள் இடத்தைத் தருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்துவிட்டார்கள். கேட்கப் போனவர்களுக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. மில்கிராமே ஒருநாள் போனார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு இடமும் கிடைத்தபின், வாங்கிய இடத்துக்கு நியாயம் வேண்டுமே என்று தலையைத் தொங்கப்போட்டு நோயாளிபோல் உட்கார்ந்திருந்தாராம். பேராசிரியர்! அந்த நாலு பேரும் அவர் வயிற்றுக்குள்ளேயே டேரா போட்டிருந்தார்கள்.

சொந்தப் புத்தியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு சுவீடன் தேசம் மொத்தமும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அன்று சொந்தப் புத்தியோடு ஒருவர் இடப்பக்கமே ஓட்டியிருந்தால் சிலையா வைத்திருப்பார்கள்? ஊரோடு ஒத்துப்போவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான், அதில் எனக்குப் புகாரில்லை. இன்னொரு ரகம் உண்டு: யாருக்கும் பிடிக்காது, ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று ஆளாளுக்கு நினைப்பதாலேயே அது நடந்துகொண்டிருக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 1993-இல் ஓர் ஆய்வு வந்தது. வளாகத்துக் குடிப்பழக்கம் தனக்குத்தான் உறுத்துகிறது, மற்றவர்களுக்கு அவ்வளவாக உறுத்தவில்லை என்று அவரவர் நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்தாகத்தான் தன்னம்பிக்கைப் புத்தகக்காரர்கள் 'கூட்டத்தைவிட்டு விலகு, தனித்து நில்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் பழைய பகை. லட்சம் பேர் ஒரே புத்தகத்தை வாங்கி, ஒரே வரியை அடிக்கோடிட்டு, மொத்தமாகத் தனித்து நிற்கிறார்கள். ஆஷ் கண்டது வேறு. சரியான கோட்டைச் சொல்ல அறையில் இன்னொருவர் இருந்துவிட்டால் மாணவரின் தப்பு நாலில் ஒரு பங்காகச் சரிந்தது.

அதனால்தான் கேட்கிறேன். பேச்சு எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கடைசியில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்ட, அடுத்தவர் எழ, அரங்கமே எழுந்து நிற்கிறதே, அந்தக் கூத்துக்கு மட்டும் எழுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்திருக்கத் தயாரென்றால் எழுதுங்கள், பெயரோடு. அதுவரை யாராவது முறைத்தால் முழங்கால் வலி என்று சமாளித்துக்கொள்கிறேன்.