வைரஸ் செல்களை ஒன்றாக இணைக்கும்போது செல்லின் மேலுள்ள சர்க்கரை உதவுகிறதா, தடுக்கிறதா?

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இதே கேள்வியைத்தான் கேட்டார். "இரண்டும்தான் ஐயா" என்றேன், அறையே சிரித்தது. பதில் தெரியாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துவதால் இந்தக் கேள்வியைக் கண்டும் காணாததுபோல் போக முடியவில்லை. நீங்கள் நுண்ணுயிரியல் முதுகலை மாணவர் என்றும், "சியாலிக் அமிலம் ஏற்பியாகச் செயல்படுகிறது" (அதாவது, வைரஸ் பற்றிக்கொள்ளும் பிடி இந்தச் சர்க்கரைதான்) என்ற ஒற்றை வரிக்கு மேல் பாடநூலில் எதுவும் கிடைக்காமல் வந்திருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வேலை செய்தது இராணிக்கெட் நோய் வைரஸில். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையாளர்களிடம் வெள்ளைக்கழிச்சல் என்றால்தான் புரியும். ஆய்வுக் கட்டுரைகளில் அதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். இந்த வைரஸின் உறையில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. எச்.என். என்பது செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பிடித்த அதே சர்க்கரையை வெட்டிவிடும் நியூராமினிடேஸ் நொதியும் அதுவேதான். எஃப் என்பது இணைப்புப் புரதம். எச்.என். சர்க்கரையைப் பற்றியதும் எஃப் விரிந்து, தன் ஒரு முனையை எதிரிலுள்ள சவ்வுக்குள் செருகி, பிறகு மடங்கி இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக இழுத்துவிடும். இன்ஃப்ளூயன்சாவுக்குத் தேவைப்படும் அமிலச் சூழல் இதற்குத் தேவையில்லை. ஆகவே, தொற்றிய செல்லின் மேற்பரப்புக்கு இந்தப் புரதங்கள் வந்து சேர்ந்ததும், அது பக்கத்துச் செல்லோடு கலந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லைக் கோடுகள் மறைந்து, இருபது முப்பது உட்கருக்கள் ஒரே குட்டைக்குள் கூடிக் கிடக்கும். இதைத்தான் சின்சிடியம் என்கிறோம்.

சர்க்கரையை எடுத்துவிட்டால் இந்த இணைவு நடக்குமா என்று பார்ப்பதே என் வேலை. வைரஸ் போடுவதற்கு முன்பே நொதியால் சர்க்கரையை நீக்கிவிட்டால் வைரஸ் உள்ளேயே நுழையாது. அதைக் காட்டி "இணைவு நின்றுவிட்டது" என்று எழுதுவது ஏமாற்று வேலை. எனவே தட்டின் குழிகளில் வளர்த்த கோழிக்கரு நாரணுக்களில், ஆர்2பி என்ற தடுப்பூசி வைரஸ் வகையை ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, கழுவி, அதன் பிறகே வளர்ப்பு ஊடகத்தில் நியூராமினிடேஸ் சேர்த்தேன். மறுநாள் நொதி போட்ட குழிகளிலும் போடாத குழிகளிலும் ஒரே மாதிரி ராட்சத செல்கள். மூன்று முறை செய்தும் அதே முடிவுதான். "சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு" என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த நொதி மே மாதத்தில் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது ஐஸ் பொதிகள் வெறும் தண்ணீராக இருந்தன. கொண்டுவந்தவர், "தொட்டுப் பாருங்க சார், இன்னும் சில்லுனுதானே இருக்கு" என்றார். நானும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். (ஆராய்ச்சிப் பொருள்களை இந்த நாட்டில் காய்கறி மூட்டைபோல் கையாள்கிறார்கள் என்பது தனிப் புலம்பல், அதை இங்கே தொடங்கவில்லை.) கோழி இரத்தச் சிவப்பணுக்களைக் கழுவி, ஒரு சதவீதக் கரைசலாக்கி, அந்த நொதியில் ஊறவைத்து, 96 குழித் தட்டில் வைரஸோடு கலந்தேன். அணுக்களின் மேல் சர்க்கரை இருந்தால் வைரஸ் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல் நிறுத்திவிடும், இல்லாவிட்டால் அவை அடியில் போய்த் தங்கிவிடும். அணுக்கள் குழியின் அடிப்பகுதி முழுவதும் பாய் விரித்ததுபோல் பரவி நின்றன. அப்படியானால் வைரஸ் பிடித்துக்கொள்ள அவற்றின் மேல் சர்க்கரை இன்னும் இருக்கிறது, செத்தது நொதி. இரண்டு மாதம் கழித்து வந்த புதுக் குப்பியில் ஊறவைத்தபோது, அதே அணுக்கள் குழியின் நடுவில் சிவப்புப் பட்டனாகத் தங்கின. தட்டைச் சாய்த்ததும் ஒவ்வொரு பட்டனும் கண்ணீர்த் துளிபோல் வழிந்து இறங்கியது.

அந்தக் குப்பியைச் செல்களில் போட்டபோது சின்சிடியம் உருவாகவில்லை. ஆனாலும் நொதியைக் கழுவிவிட்டுச் சிவப்பணுக்களை மேலே ஊற்றினால் வந்து ஒட்டிக்கொண்டன, அதாவது எச்.என். மேற்பரப்பில் இருக்கிறது, பிடிக்கும் திறனோடும் இருக்கிறது, அண்டைச் செல்லிடம் பிடிப்பதற்குச் சர்க்கரை மட்டும்தான் இல்லை. தொற்றாத புதுச் செல்களை மேலே தூவியதும், சில மணி நேரத்தில் தொற்றிய செல்கள் அவற்றோடு கலக்கத் தொடங்கிவிட்டன.

சர்க்கரை உதவுகிறது என்பதற்கு இது போதும். பிறகு ஏன் "இரண்டும்" என்றேன்? அதற்கு முன் உதவும் பக்கத்தில் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெளியிலிருந்து ஊற்றிய நொதியின் வேலையை வைரஸின் எச்.என். தானாகவே செய்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மனிதப் பாராஇன்ஃப்ளூயன்சா மூன்றாம் வகை வைரஸ் நீண்ட காலம் குடியிருக்கும் செல்கள், அக்கம்பக்கத்துச் சர்க்கரையெல்லாம் வெட்டுப்பட்டுவிடுவதால், தமக்குள் கலக்காமல் அமைதியாக இருக்கின்றன. தொற்றாத செல்லைச் சேர்த்தால் உடனே கலக்கின்றன. வெட்டும் திறன் குறைந்த திரிபுகளோ அளவுக்கு மீறி இணைக்கின்றன.

இதே குடும்பத்துத் தட்டம்மையும் நிபாவும் புரத ஏற்பிகளைத்தான் பிடிக்கின்றன, சியாலிக் அமிலத்தை அல்ல என்று இதற்குள் யாராவது பின்னூட்டம் எழுதத் தொடங்கியிருப்பார்கள். தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபாவிலும் சர்க்கரை சும்மா இருப்பதில்லை. தொற்றிய செல்லின் மேற்பரப்பிலுள்ள அதன் எஃப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலிகளை, நம் உடலின் காலெக்டின்-1 என்ற சர்க்கரை பிடிக்கும் புரதம் பற்றிக்கொண்டால் செல் இணைவு குறைகிறது. சர்க்கரை தடுக்கவும் செய்கிறது என்று நான் சொன்னது இதைத்தான். அதே காலெக்டின் வைரஸ் ஒட்டும் கட்டத்திலேயே வந்துவிட்டால் தொற்றுக்குத் துணைபோகிறது. தேர்வறையில் இதை நான் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

நீங்களும் இந்தச் சோதனையில் இறங்கப் போகிறீர்கள் என்றால், குப்பியைப் பிரித்த அன்றைக்கே நொதியைக் கோழி இரத்தத்தில் சோதித்துவிடுங்கள். ஐஸ் உருகியிருந்தால் கையெழுத்தே போடாதீர்கள்.