1,90,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு 32,000 ரூபாயில் செராமிக் கோட்டிங் தேவையா?

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பா ஓட்டிய 2011 மாடல் டீசல் ஸ்விஃப்ட், வெள்ளை நிறம். 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. விற்கும் எண்ணம் இல்லை. பெயின்ட் மங்கிப்போச்சு, ஏசி போட்டால் ஈர வாடை அடிக்கிறது. வேலூரில் ஒரு கடையில் உள்ளும் புறமும் டீடெய்லிங், செராமிக் கோட்டிங், மூன்று வருஷ வாரன்ட்டி எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய் சொன்னார்கள். ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது வண்டி பளபளவென்று இருந்தால்தான் பாஸ் ஆகும் என்று ஒரு புரோக்கரும் சொல்கிறார். செய்யலாமா?"

டீடெய்லிங், அதாவது உள்ளும் புறமும் ஆழமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவது, செய்யுங்கள். கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பூசிக் கெட்டியாகக் காயவிடும் திரவப் பூச்சு, வேண்டாம். புரோக்கர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த வாடை. ஷாம்பூ போட்டு சீட்டைத் தேய்த்து, வாசனை ஸ்பிரே அடித்து அனுப்பிவிடுவார்கள். நாலு நாளில் திரும்ப வரும். பழைய வண்டியில் ஈர வாடைக்குப் பெரும்பாலும் சீட் காரணமே இல்லை, ஏசி தண்ணீர் வெளியே போகிற ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். ஏசியை கால் மணி நேரம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள், நம் ஊர் வெயிலில் தண்ணீர் சொட்டியே ஆகவேண்டும். சொட்டவில்லை என்றால் முன்பக்கம் இடது சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள், அடியில் ஈரமாக இருந்தால் விஷயம் அதுதான். குழாயைச் சுத்தம் செய்ய ஏசி மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. அதோடு க்ளவ் பாக்ஸ் பின்னால் ஏசி ஃபில்டர் இருந்தால் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே டீடெய்லிங்குக்குக் கொடுக்கும் காசு வீண்.

அது முடிந்ததும் உள்வேலை. சீட்டைக் கழற்றி, வாக்யூம் போட்டு, நுரையை உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து பிரஷ்ஷால் தேய்க்கிற இடம் என்றால் வேண்டாம், ஸ்பாஞ்ச் உள்ளே ஈரம் தங்கி இன்னொரு வாடை வரும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் பேட்டரியைக் கழற்றாமல் அதைப் பிடுங்கக் கூடாது, அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. ரூஃப் லைனிங்கை நனைக்கவே விடாதீர்கள். இத்தனை வருஷ வெயிலில் அதை ஒட்டியிருக்கும் கம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பந்தல் மாதிரி தொங்கும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் கேட்காதீர்கள், மதியத்தில் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண் கூசும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அதைப் பூசுகிறவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

வெளிவேலைக்கு வருவோம். கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் தார், பிரேக் தூள், தண்ணீர் உப்பு எல்லாம் பெயின்டில் ஒட்டியிருக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைதான் வண்டியிலும் படிகிறது. இதற்கு க்ளே பார் என்ற களிமண் மாதிரியான பொருளை சோப்புத் தண்ணீரோடு தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு சுற்று மெஷின் பாலிஷ், மேலே ஒரு வேக்ஸ் அல்லது சீலன்ட். இவ்வளவுதான் உங்கள் வண்டிக்கு. வேக்ஸை நாலு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கையால் போட்டுக்கொள்ளலாம்.

'ஸ்க்ராட்ச் எல்லாம் எடுத்துத் தருகிறேன்' என்று மூன்று சுற்று காம்பவுண்ட் (பெயின்டைத் தேய்த்து எடுக்கும் சொரசொரப்பான பாலிஷ்) போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரியான க்ளியர் கோட் சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடி தடிமன்கூடக் கிடையாது. ஒவ்வொரு காம்பவுண்டும் அதில் கொஞ்சம் தின்கிறது. உங்கள் அப்பா காலத்தில் எத்தனை தடவை பாலிஷ் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரூஃபில் ஏற்கெனவே தோல் உரிகிற மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் எந்தப் பாலிஷும் அதைச் சரிசெய்யாது, அந்தப் பகுதிக்கு பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கியாக வேண்டும், உங்களுடையது வெள்ளை வண்டி என்பதால். மெட்டாலிக் இல்லாத சாதா வெள்ளை, சிவப்பு வண்டிகள் சிலவற்றில், அதிலும் டிங்கரிங் கடையில் மறுபெயின்ட் அடித்த கதவு, பம்பரில், க்ளியர் கோட்டே இருக்காது, நிறமே மேல் அடுக்காக இருக்கும். அப்படிப்பட்ட பெயின்ட் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி மங்கும், ஆனால் பாலிஷுக்கு அழகாகத் திரும்பி வரும். கண்டுபிடிப்பது எப்படி? சிவப்பு வண்டியில் சுலபம், துணியில் சிவப்பு ஏறும். வெள்ளையில்தான் தகராறு, பாலிஷ் கிரீமும் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பதால் துணியில் இருப்பது கிரீமா பெயின்டா என்று தெரியாது. அதனால் வெள்ளை இல்லாத கிரீம் கேட்டு, கறுப்புத் துணியில், கதவின் அடிப்பக்கம் கைஅகல இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள். வெள்ளை ஏறினால் அங்கே க்ளியர் கோட் இல்லை. அது கெட்ட செய்தியும் இல்லை, 'ஐயோ பெயின்ட் போகுது, கோட்டிங் போட்டே ஆகணும்' என்று அந்தத் துணியைக் காட்டி பயமுறுத்துவார்கள், மயங்காதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பானெட் ஒரு மாதிரியும் கதவு வேறு மாதிரியும் இருக்கலாம்.

செராமிக் கோட்டிங் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் கோட்டிங்கின் கடினத்துக்குக் கடைக்காரர்கள் சொல்லும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு, கல் பட்டாலும் கீறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கும் ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே கிடையாது. வாரன்ட்டி அட்டையைத் திருப்பிப் படியுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கடைக்கு வந்து காசு கட்டி மெயின்டனன்ஸ் செய்தால்தான் செல்லும் என்று பொடி எழுத்தில் இருக்கும். தேய்ந்த க்ளியர் கோட்டின் மேல் கோட்டிங் போட்டு, அடியில் உள்ளது உரிந்தால் அதுவும் சேர்ந்துதான் உரியும், அதற்கு வாரன்ட்டி கிடையாது.

இன்னும் இரண்டு தந்திரம். ஒன்று, வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டிக்கு அடியிலும் இன்ஜினிலும் டீசல் அடிப்பது. பார்க்கக் கருகருவென்று இருக்கும், ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் ஊறிக் கெடும், அடுத்த நாளே புழுதி அப்பும். இரண்டு, துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு ஆன்டி ரஸ்ட் அடிப்பது. உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு தகரம் கண்ணுக்குத் தெரியாமல் இற்றுப்போகும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டைகளையும் இதே கறுப்பால் அடைத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்சி விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பதிவு செய்து 15 வருஷம் முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் ஐந்து வருஷம். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், பசுமை வரி தனி. ஆய்வில் பார்ப்பது சேஸிஸ் நம்பர், பிரேக், விளக்கு, புகை, இன்சூரன்ஸ் மாதிரியான விஷயங்கள், பளபளப்பு இல்லை. டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் என்று யாராவது சொன்னால் அது டெல்லி வட்டாரத்துக் கதை. எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், கடைசியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் வேண்டும், எந்த ஜன்னலுக்கு எந்தத் தாள் என்று தெளிவாக ஒரு பலகை வைக்கக்கூட ஆளில்லை, அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். நிறத்தை மாற்றி பெயின்ட் அடிக்கச் சொன்னால் அதை ஆர்சியிலும் பதிய வேண்டும், அது இன்னொரு அலைச்சல்.

தோற்றத்தில் ஆய்வுக்கு உதவக்கூடியது ஒன்றுதான், மஞ்சளடித்த ஹெட்லைட். டூத்பேஸ்ட் எல்லாம் வேண்டாம். தண்ணீர் தொட்டு எமரி தாளால் தேய்த்து, பாலிஷ் செய்து, மேலே யூவி தடுக்கும் க்ளியர் அடிக்க வேண்டும். அந்தக் கடைசி அடுக்கை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான்.

உள்வேலை, க்ளே, ஒரு சுற்று பாலிஷ், ஹெட்லைட் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 10,000 ரூபாய்க்குள் முடியவேண்டும். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்றால் ஏதாவது கெட்டுப்போனால் பேச ஆதாரம் இருக்காது. வண்டியை விடும்போது மீட்டரையும் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள், ஆர்சியையும் ஜாக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது ஷெட் விளக்கில் பார்க்காமல் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பாலிஷ் மெஷின் சுற்றிய வட்டக் கோடுகள் அங்கேதான் தெரியும், தெரிந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.