24–24இல் சேர்விஸ் ஏன் வலையில் விழுகிறது?

கேள்வி: முல்லைத்தீவில் ஒரு பாடசாலைக் கரப்பந்து அணியில் விளையாடுகிறேன், வயது 17. பயிற்சியில் பத்துச் சேர்விஸ் அடித்தால் குறைந்தது எட்டு வடிவாகப் போகும். போட்டியில் செற் முடியப்போகும் நேரம் 24–24 என்று வந்துவிட்டால் பந்து வலையில்தான். "கவனமா அடி" என்று சேர் கத்துவார். கவனமாக அடித்தால் இன்னும் மோசம். எனக்கு மனவலிமை இல்லையா?

பதில்: "இன்னும் மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆயிரம் தடவை அடித்த சேர்விஸ் கைக்குள் இறங்கிய வேலை. அம்மா கதைத்துக்கொண்டே தேங்காய் திருவுவார். "விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருவுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த இழுப்புத் தடுமாறும். 24–24இல் நீங்கள் அதைத்தான் உங்களுக்கே சொல்லுகிறீர்கள்: முழங்கை உயர்ந்ததா, பந்தை நேராக எறிந்தேனா? அமெரிக்க உளவியலாளர் ரோய் போமைஸ்ரர் 1984இலேயே இதை விளக்கிவிட்டார். தானாக ஓடுகிற வேலையை மனம் இடையில் புகுந்து மேற்பார்வை செய்தால் வேலை கெடும். மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சோதினை மண்டபத்தில் எல்லாம் மறந்துபோவது வேறு கதை. அங்கே கணக்குச் செய்யத் தேவையான இடத்தைப் பயம் பிடித்துக்கொள்கிறது. அதற்குச் சொல்லும் புத்தியை இங்கே சொல்லக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? சியன் பைலொக், தோமஸ் கார் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களுக்குக் கொல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டப் பழக்கினார்கள். கமரா முன்னால் பழகியவர்கள், பிறகு நெருக்கடி வந்தபோது சறுக்கவில்லை. ஆகவே கூட்டாளியிடம் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கால் களைத்த பிறகு, கடைசிப் பத்துச் சேர்விஸை அப்படி அடியுங்கள். அணி முழுவதும் கோட்டோரம் நின்று கத்தட்டும். பந்து வலையில் பட்டால் எல்லோரும் ஒரு சுற்று ஓடவேண்டும். திட்டு விழும்தான், அதுவும் பயிற்சிதான். வன்னியில் மின்னொளிப் போட்டியென்றால் சனம் கோட்டில் கால் வைத்துத்தானே நிற்கும், மைக்கில் வர்ணனை வேறு!

அடுத்தது அவசரம். விசில் ஊதிய பிறகு அடிப்பதற்கு விதிப்படி 8 செக்கன் இருக்கிறது. பதறியவர் இரண்டாவது செக்கனிலேயே அடித்துத் தொலைத்துவிடுவார். சர்வதேச உதைபந்தாட்டத் தண்ட உதைகளை ஆராய்ந்த நோர்வேக்காரர் கெயிர் யோர்டெட் குழுவினர் கண்டதும் இதுதான்: விசில் ஊதியவுடன் ஓடி உதைத்தவர்கள்தான் கூடுதலாகத் தவறவிட்டார்கள். பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். எதிர்ப்பக்கத்தில் பந்து விழவேண்டிய இடத்தைப் பார்த்து அடியுங்கள். கையை மறந்துவிடுங்கள். பயிற்சியில் ஒவ்வொரு பந்துக்கும் இதையே செய்யவேண்டும்; இல்லாவிட்டால் போட்டியில் இதுவும் இன்னொரு புதுத் தலையிடி.

நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், அதை அடக்கப் போராடாதீர்கள்.

சேரிடமும் ஒன்று கேளுங்கள். "கவனமா" என்று கத்தாமல், பந்து போகவேண்டிய இடத்தின் எண்ணை விரலால் காட்டட்டும் (ஆடுகளத்தின் ஆறு இடங்களுக்கும் எண் உண்டு). ஐந்து விரலென்றால் எதிரணியின் பின்வரிசை இடப்பக்கம். கோபித்தாரென்றால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.