பேருந்தின் இடப்பக்கம்

கேள்வி: என் மகன் முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சாலை வழியாகப் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்கிறான். நகரப் பேருந்துகள் அவனை முந்திவந்து, நிறுத்தத்தில் சட்டென்று இடப்பக்கம் ஒடித்து நிற்கின்றன. அவன் என்ன செய்வது?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நம் நாட்டில் ஓட்டுநரின் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், முன்படிக்கட்டை ஒட்டி வரும் சிறுவன் பெரும்பாலும் அவர் பார்வைக்கு எட்டமாட்டான். இடப்பக்கக் கண்ணாடி ஒன்றே அவருக்குத் துணை. அந்தக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாத இடத்தில் நாம் இருந்தால், அவருக்கும் நாம் தெரியமாட்டோம் என்பதை மகனுக்குப் பழக்குங்கள். நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே அவன் ஒருபோதும் நுழையக் கூடாது. பயணிகள் இறங்குவதும் அங்கேதான். பின்னால் சற்றுத் தள்ளி நின்று, பேருந்து புறப்பட்ட பிறகு செல்லட்டும். பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஓரத்தை நெருங்கி வருவதால், இந்திரா காந்தி சதுக்கம் போன்ற சந்திப்புகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஆனால், பெரும் பொறுப்பு ஓட்டுநருடையதே என்பது என் உறுதியான கருத்து. நிறுத்தம் நெருங்கிவிட்டால் மிதிவண்டியை முந்தாமல், அதன் பின்னாலேயே மெதுவாக வந்து நிற்பதற்குச் சில நொடிகளே கூடுதலாகும்.