பல்செட்டும் பீரங்கியும்

அன்புள்ள சார்,

பன்னிரண்டு வருடமாக இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர், ராணுவச் செலவை 2027-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்தப்போவதாக அறிவித்தார். வெளிநாட்டு உதவியைக் குறைத்து அந்தப் பணத்தைத் தேடிக்கொள்வதாகவும் சொன்னார். அன்று எங்கள் டீ அறையில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகன் ராணுவத்தில் இருக்கிறான். "உக்ரைனில் இவ்வளவு நடக்கும்போது வார்டுக்குப் படுக்கை போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்க முடியுமா?" என்பது அவர் கட்சி. எனக்கோ ஒரு போர் விமானத்தின் விலையைக் கேட்டாலே, அந்தப் பணத்தில் எத்தனை நர்ஸ் வைக்கலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

போருக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு என்று சரியான விகிதம் ஏதாவது உண்டா? ராணுவச் செலவைக் குறைத்தால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு வரும் என்று நான் நம்புவது அசட்டுத்தனமா?

பெயர் வேண்டாம், எஸ். என்று போட்டால் போதும்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நம்புவதில் அசட்டுத்தனம் ஒன்றும் இல்லை, ஆனால் அது ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. நீங்கள் சம்பளம் வாங்கும் அதே என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை), மூன்று வயது நிறைவதற்குள் இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டது. அன்று வாதம் நடந்தது பல்செட்டையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்து.

1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோது சுகாதார மந்திரி அனைரின் பெவன். வேல்ஸில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊர்க்காரர், 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். நிலக்கரித் தூசி நுரையீரலைத் தின்று அவர் செத்தார். அந்த ஊரில் தொழிலாளிகள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொடுத்துத் தங்களுக்கென்று டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெவன் நாடு முழுவதற்கும் செய்தது ஏறக்குறைய அதைத்தான். ஒரே வித்தியாசம், இங்கே பணம் வரியிலிருந்து வந்தது.

திறந்த உடனே கூட்டம் அலைமோதியது பல் டாக்டரிடமும் கண்ணாடிக் கடையிலும். இன்றைக்கு இது விநோதமாகத் தெரியலாம். அதற்கு முன் ஏழைகள் கண்ணாடி வாங்கிய விதத்தைக் கேளுங்கள்: உல்வொர்த் போன்ற கடைகளில் மேசைமேல் குவித்து வைத்திருப்பதை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எழுத்து தெரிகிறதோ இல்லையோ, தலை சுற்றாத ஒன்றை எடுத்துக்கொண்டு வருவது. பல் விஷயம் இன்னும் மோசம். பின்னால் செலவு வைக்கும் என்று, கல்யாணத்துக்கு முன்பே பெண்ணுக்கு எல்லாப் பல்லையும் பிடுங்கிப் பல்செட் கட்டிவிடும் வழக்கம் அங்கே சில வீடுகளில் இருந்தது. நம் ஊரில் நகை போட்டு அனுப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி வருஷக்கணக்காக மங்கலாகப் பார்த்துக்கொண்டு, மெல்ல முடியாமல் இருந்த ஜனங்கள் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். முதல் வருடத்திலேயே 50 லட்சத்துக்கும் மேல் கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. பட்ஜெட் மதிப்பீடெல்லாம் பறந்துபோனது. 'ஓசி என்றால் இப்படித்தான்' என்று பத்திரிகைகளில் கேலி கிளம்பியது.

1950 ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டது. சோவியத் அடுத்து ஐரோப்பாவில் கை வைக்கும் என்ற பயம் ஒரு பக்கம், அமெரிக்காவின் நெருக்கடி இன்னொரு பக்கம். மூன்று வருட ராணுவத் திட்டம் என்று பிரிட்டன் முதலில் சொன்ன தொகை 340 கோடி பவுண்டு. சில வாரங்களில் 360 கோடி. 1951 ஜனவரியில் 470 கோடி. அரை வருடத்தில் 130 கோடி பவுண்டு ஏறியதை மந்திரிசபை ஒருவழியாக விழுங்கிவிட்டது. அந்த வருடம் ஏப்ரலில் நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல் பட்ஜெட் போட்டார். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை இனி நோயாளியே கொடுக்க வேண்டும். அதனால் அந்த வருடம் மிச்சமாவது 1.3 கோடி பவுண்டு, முழு வருடத்துக்கு 2.3 கோடி. ராணுவத்துக்கோ அந்த ஒரு வருடத்தில் மட்டும் 100 கோடிக்கும் மேல்.

கெய்ட்ஸ்கெல்லை வில்லன் ஆக்கிவிட வேண்டாம். அதே பட்ஜெட்டில் அவர் வருமான வரியை ஏற்றினார், கார்களுக்கு வரியைக் கூட்டினார், முதியோர் பென்ஷனையும் கொஞ்சம் உயர்த்தினார். மருத்துவச் செலவுக்கு எங்காவது கோடு போடாவிட்டால் அது ஏறிக்கொண்டேதான் போகும் என்ற அவருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. பெவனும் ஒன்றும் மகாத்மா இல்லை. நிதியமைச்சர் பதவி, வெளியுறவு மந்திரி பதவி இரண்டுமே கைநழுவிப்போன கோபம் அவருக்கு உண்டு. மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்க இடம் தரும் சட்டம் 1949-ல் வந்தபோது சுகாதார மந்திரியாக இருந்தவரும் அவரேதான், அப்போது அது அமலுக்கு வரவில்லை என்றாலும். அவர் போர் எதிர்ப்பாளரும் கிடையாது. 1951 பிப்ரவரியில்தான் ராணுவத் திட்டத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார்.

இலவசம் என்ற கொள்கையில் ஒரு ஓட்டை போட்டால் அது பெரிதாகிக்கொண்டே போகும் என்பது பெவனின் முதல் வாதம். எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது வாதம். அந்த 470 கோடியைச் செலவழிக்கவே முடியாது என்றார் அவர். தொழிற்சாலைகளில் இயந்திரம் இல்லை, கந்தகம் இல்லை, மற்ற மூலப்பொருள்களும் கிடைக்கவில்லை, உலகமே ஒரே நேரத்தில் அவற்றை வாங்க ஓடிக்கொண்டிருக்கிறது. செலவழிக்க முடியாத பணத்துக்காக எதற்குக் கிழவியின் பல்செட்டில் கை வைக்கிறீர்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பிரதமர் அட்லி அப்போது குடல் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சமரசம் ஏற்படவில்லை. ஏப்ரல் 22 அன்று பெவன் ராஜினாமா செய்தார். கூடவே மந்திரிகள் ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் வெளியே வந்தார்கள். (இந்த ஃப்ரீமன்தான் பிற்பாடு 1965 முதல் 1968 வரை டெல்லியில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர்.)

அக்டோபரில் தேர்தல். சர்ச்சில் ஆட்சிக்கு வந்தார். கணக்கை எடுத்துப் பார்த்தவர் டிசம்பரில் சபையிலேயே, பெவன் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். அந்தத் 'தற்செயலாக'வில் இருக்கும் குத்தலை ரசிக்க வேண்டும். மூன்று வருடத் திட்டத்தின் காலம் நீட்டப்பட்டது, வருடச் செலவு சுருக்கப்பட்டது.

எஸ்., நீங்கள் கேட்டதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ராணுவத் திட்டம் சுருங்கியது, பல்செட் கட்டணம் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, 1952-ல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங்கும் சேர்ந்துகொண்டது. கொரியாவில் சண்டை 1953-ல் நின்றது, கட்டணம் நிற்கவில்லை. போருக்காக என்று வந்தது, போர் முடிந்த பிறகும் வீட்டோடு தங்கிவிட்டது. பீரங்கிக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது, இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் ஊற்றும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு குழாயை யாரும் போட்டு வைக்கவில்லை. மிச்சமாகும் பணம் கஜானாவுக்குப் போகும். அங்கே வரிக் குறைப்பு, கடன், ரோடு என்று ஏகப்பட்ட பேர் ஏற்கெனவே வரிசையில் நிற்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊதாரித்தனம் என்று பேசப்பட்ட என்.எச்.எஸ்.-இன் செலவைப் பார்க்க 1953-ல் கில்போ என்ற பொருளாதார அறிஞர் தலைமையில் குழு போட்டார்கள். 1956-ல் அறிக்கை வந்தது. தேசிய வருமானத்தில் என்.எச்.எஸ்.-இன் பங்கு 3.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைந்திருந்ததுதான் அதில் தெரிந்தது! மருத்துவத்துக்குக் குழு, தணிக்கை, உச்சவரம்பு எல்லாம் உண்டு. 340, 360, 470 என்று ஏறிய தொகைக்கு இந்த மாதிரி ஒரு குழுவை யாராவது முன்கூட்டியே உட்கார வைத்தார்களா? இதனால்தான் சரியான விகிதம் என்ற உங்கள் கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. விகிதம் காலத்துக்குக் காலம் மாறும், மாறத்தான் வேண்டும். யாரிடம் ரசீது கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

உங்கள் தோழியின் பக்கமும் வலுவானதுதான். என்.எச்.எஸ்.-க்கு வழி திறந்துவிட்டதில் போருக்கும் பங்கு உண்டு. 1939-ல் விமானக் குண்டுவீச்சில் காயப்படப்போகிறவர்களுக்காக அரசு ஆஸ்பத்திரிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது அப்போது முடிந்துவிட்டது. எல்லோருக்கும் மருத்துவம் என்ற பெவரிட்ஜ் அறிக்கை வந்ததும் போர் நடுவில், 1942 டிசம்பரில். பெவரிட்ஜ் பிறந்தது வங்காளத்து ரங்பூரில் என்பது உபரித் தகவல்.

வில்சன் கதையையும் முடித்துவிடுகிறேன். 1951-ல் கட்டணத்தை எதிர்த்து வெளியேறியவர் 1964-ல் பிரதமரானார், மறு வருடமே மருந்துச் சீட்டுக் கட்டணத்தை ஒழித்தார். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. அடுத்த ஜனவரியில் சூயஸுக்குக் கிழக்கே இருந்த படைகளைத் திரும்ப அழைப்பதாகவும், அமெரிக்காவிடம் கேட்டிருந்த எஃப்-111 விமானங்கள் வேண்டாம் என்றும் அறிவித்தார். இப்படி ராணுவத்தை வெட்டிய அதே அறிவிப்பில் மருந்துக் கட்டணமும் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் ஒரே கத்தரிக்கோல். அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். விமானத்தையும் சேர்த்து வெட்டினாரே, அந்த மட்டுக்கும் அது நேர்மையான பட்ஜெட்.

நீங்கள் சொன்ன 2025 அறிவிப்பிலும் ஒரு ராஜினாமா இருந்தது. வெளிநாட்டு உதவியை 0.5 சதவீதத்திலிருந்து 0.3-க்கு இறக்குவதாகச் சொன்ன சில நாட்களில் அந்தத் துறை மந்திரி அனலீஸ் டாட்ஸ் விலகினார். ராணுவச் செலவைக் கூட்டுவதை அவரும் ஏற்றுக்கொண்டவர்தான். மொத்தச் சுமையையும் உதவியின் தலையில் கட்டினால் பரிதவிப்பவர்களின் சோறும் மருந்தும் போகும் என்பதே அவர் கட்சி. ஆக, இந்தமுறை கை வைத்தது வேறு நாட்டுக்காரர்களின் மருந்தில். அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது.

டீ அறையில் அடுத்த தடவை இந்தப் பேச்சு வந்தால் அந்த அம்மாவிடம் பல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மகனுக்குப் பல் வலித்தால் ராணுவத்திலேயே டாக்டர் உண்டு, காசு கிடையாது. அம்மாவுக்குத்தான் பில் வரும்.