அரிந்ததும் அடுப்பில் போடாதீர்கள்

முட்டைக்கோசும் கடுகுக்கீரையும் புற்றுநோயைத் தடுக்கும் என்கிறார்கள். நாங்கள் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தாளிப்போம். அதில் பலன் உண்டா அம்மா?
– வாசகி, மோல்மீன்

வடிக்கும் தண்ணீரோடு சத்தில் ஒரு பெரும்பங்கு போய்விடுகிறது. இந்தக் காய்களில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. கத்தி படும்போதுதான் இரண்டும் கலந்து, காரநெடியுள்ள ஐசோதயோசயனேட் உண்டாகிறது. நச்சுப் பொருள்களை முறித்து வெளியேற்றும் நொதிகளை நம் செல்களில் தூண்டிவிடுவது அதுதான். ஆய்வக விலங்குகளில் கட்டிகள் குறைந்தன. மனிதரிடம் அவ்வளவு உறுதியான சான்று இன்னும் இல்லை.

சூடு பட்டால் மைரோசினேஸ் செத்துவிடும். அதனால் பொடியாக அரிந்து 40 நிமிடம் வைத்திருங்கள். பிறகு மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். அல்லது கைத்தண்ணீர் தெளித்து வதக்கலாம். அவசரத்தில் அப்படியே வேகவைத்துவிட்டீர்களா? இறக்கியபின் அரை டீஸ்பூன் பச்சைக் கடுகுப்பொடி தூவிப் பிரட்டுங்கள். கடுகிலும் அதே நொதி உண்டு. தாளித்த கடுகு உதவாது, எண்ணெயில் பொரியும்போதே நொதி போய்விடுகிறது. பூண்டையும் நசுக்கிப் பத்து நிமிடம் கழித்தே வாணலியில் போடுங்கள். உப்பில் புளிக்கவைத்த கடுகுக்கீரையான மொன்யின்ஜின்னை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்பிட்ட காய்களை நிறையச் சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மிளகுச்சத்து கலந்த மஞ்சள் கேப்சூலைத் தினமும் போடலாமா?
– வாசகர், ரங்கூன்

வேண்டாம். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்க்குமின் சுமார் 90 மில்லிகிராம்தான்; அதிலும் உடல் ஏற்பது கொஞ்சம். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச்சத்து கொடுத்தபோது ரத்தத்தில் அது 20 மடங்கு ஏறியதாக 1998-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆபத்தும் அங்கேதான். மிளகுச்சத்து மற்ற மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடக்கூடும். இத்தகைய கேப்சூல்களால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. கீமோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. காயில் உள்ள சத்தும் கேப்சூலானால் கெடுதல் செய்யலாம். ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைத் தினம் 20 மில்லிகிராம் கேப்சூலாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994-இல் வெளிவந்த முடிவு இது. குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் போதும்.

என் கணவர் கூன்யா (வெற்றிலை பாக்கு) மெல்லுகிறார். எந்தக் கீரை கொடுத்தால் ஈடாகும்?
– வாசகி, தட்டோன்

எந்தக் கீரையும் ஈடாகாது அம்மா. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதிசெய்துவிட்டது. கூன்யாவை நிறுத்தவையுங்கள். அவருடைய மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றபடி வாய்க்குள் நுழைகின்றனவா என்று பாருங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ இந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.