மலேசியாவிலிருந்து போய்த் தமிழ்நாட்டில் ஆறு மாதம் தங்கினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? என்னென்ன பார்க்கலாம்?

‘அம்மாவை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஆறு மாதம் போலத் தங்கலாம் என்று இருக்கிறேன், சரிப்பட்டு வருமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், ‘இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. கோயிலைப் பார்த்தோமா, சேலை வாங்கினோமா, விமானம் ஏறினோமா என்று வந்துவிடுங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் போவதற்கு முன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்காரி. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இருக்கிற ஊர். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு காலத்தில் தவில், நாதசுரம் இல்லாமல் திருவிழா நடக்காது. வாசித்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்ததும் ஒலிபெருக்கியில் பதிவு போட ஆரம்பித்தார்கள். என் இளைய மகன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, தவில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நின்றான். கும்பகோணத்தில் ஒரு வித்வான் ஒத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, அவரால் வர முடியாது. பிள்ளையைத் தனியாக விட மனசில்லாமல் நானும் கிளம்பினேன். ஆடி கழிந்து போனோம், தை பிறந்து திரும்பினோம்.

உங்கள் அம்மாவும் தோட்டத்தில் இருந்தவராகத்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் விடிகாலையில் எழுந்து பழகியவர்கள், அவர்களுக்கு அந்த ஊர் வாழ்க்கை நம்மை விடச் சுலபமாக ஒத்துப்போகும். கஷ்டமெல்லாம் உங்களுக்குத்தான்.

முதலில் வீடு. ஊர் ஊராக லாட்ஜில் தங்கினால் அந்த இரண்டு வாரக்காரர் சொன்னது உண்மையாகிவிடும், உடம்பும் தாங்காது, கையில் காசும் நிற்காது. ஒரே ஊரில் வீடு எடுங்கள். ஆனால் எடுப்பது லேசில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவரைத் தங்க வைப்பவர், லாட்ஜாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஒரு படிவமாக இணையத்தில் பதிய வேண்டும், நாங்கள் போனபோது அதற்கு சி படிவம் என்று பேர். அதற்குப் பயந்தே சிலர் எங்களுக்கு வீடு தர மாட்டேன் என்றார்கள். கடைசியில் வித்வான் ஐயா சொல்லி, மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்குச் சென்னையில் இருக்கும் மகன் படிவத்தை அங்கிருந்தே பதிந்து கொடுத்தார். நீங்களும் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போங்கள். விசாவில் ஒரே தடவையாக எத்தனை நாள் தங்கலாம் என்று போட்டிருக்கிறதோ அதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். 180 நாளுக்கு மேல் போனால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டிவரும்.

அப்புறம் வீட்டுக்குள். கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டாம், ஒரு இண்டக்ஷன் அடுப்பு போதும். குடிக்க இருபது லிட்டர் கேன் தண்ணீர், பாலுக்கு ஆவின் பச்சைப் பாக்கெட். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு மோட்டார் ஓடாது, தொட்டியை முந்தின ராத்திரியே நிரப்பி வைக்க வேண்டும். தள்ளுவண்டியில் பூ விற்கும் அம்மாகூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார், ஆனால் நம் ஊர் வங்கிக் கணக்கை வைத்து என்னால் அதில் கட்ட முடியவில்லை. ரொக்கம்தான். சில்லறை இல்லை என்றால் அந்த அம்மா, ‘நாளைக்குக் குடும்மா’ என்று விட்டுவிடுவார். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் இந்தியாவைத் தூக்கிப் பேசுகிறேன் என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குப்பை இருக்கிறது. ஹாரன் சத்தம் ராத்திரியிலும் அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, துணி காயாது, கொசு பிடுங்கித் தின்னும். ஆனால் என்னை உறுத்தியது இதெல்லாம் இல்லை. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குள் ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்பார்கள். மலேசியா என்றால், ‘அது சரி, பூர்வீகம்?’ என்பார்கள். திருச்சி ஜில்லா என்றால், ‘திருச்சியில எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?’ என்று அது போய் நிற்கிற இடம் சாதி. எல்லாரும் இல்லை, வித்வான் ஐயா வீட்டில் ஒருநாளும் அந்தக் கேள்வி வரவில்லை. கேட்டவர்களிடம் நான், ‘சுங்கை சிப்புட்டுக்காரங்க’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். உங்கள் அம்மாவிடமும் கேட்பார்கள். என்ன சொல்வது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது எப்படிப் போகும் என்கிறீர்களா? மகன் காலையில் ஐயா வீட்டுக்குப் போய்விடுவான். தவிலில் இடது பக்கம் குச்சி, வலது பக்கம் விரல். அந்த விரல்களுக்குக் கூடு போட வேண்டும். துணியைக் கிழித்து, மாவுப் பசையில் தோய்த்து, ஒவ்வொரு விரலுக்கும் அளவாகச் சுற்றிச் சுற்றிக் காயவைக்க வேண்டும். முதல் கூடுகளை ஐயாவே செய்து கொடுத்தார். அப்புறம், ‘உன் விரல் உனக்குத்தான் தெரியும், நீயே சுத்து’ என்று பசைக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் மாடி வெயிலில் பத்திரிகைத் தாள் மேல் அந்தக் கூடுகள் வரிசையாகக் காயும். இறுகிக் கல் மாதிரி ஆனதும் போட்டுப் பார்ப்பான், விரலைக் கடித்தால் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுவான். நம் ஊரில் கைப்பேசியைக் கீழே வைக்காத பிள்ளை.

எனக்கு பஸ். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முகப்பில் பிங்க் வண்ணம் அடித்த வண்டிகள் நிறைய ஓடும். முதல் நாள் நான் ரூபாய் நோட்டை நீட்டியபோது, ‘வேணாம்மா, உள்ள வைங்க’ என்று கண்டக்டர் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் எந்த நாட்டுக்காரி என்று கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் தாராசுரம் போனேன், சுவாமிமலை போனேன், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைக்குப் போனேன். கூடை நிறையக் கீரையோடு ஏறும் பாட்டிகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கதை பேசினார்கள்.

இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பஸ் வரும். இப்போது இல்லை. தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து மலிவு வீட்டுக்கு மாறிய கிழவிகள் மருந்து வாங்க கிளினிக்குக்குப் போவதென்றால் மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். போக வர ஆகும் மலேசிய வெள்ளியில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். நாற்பது வருஷம் பால் வெட்ட நடந்த கால்கள் இன்றைக்குப் பஸ் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் வந்து கேட்டுக்கொண்டு போகிறார்கள். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர் போல. பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1010-ல் முடிந்த கோயில் என்று எல்லாரும் சொல்வார்கள், விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். நாங்கள் சாயங்காலம் போய்ப் புல்தரையில் உட்கார்ந்து, கல் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவோம். பக்கத்தில் தங்கினால் இப்படி எத்தனை தடவையும் போகலாம். பொதுவாக மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து கூட்டிப்போகும் சுற்றுலாக்களில் வயசானவர்கள் பூட்டிய வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். ஒன்பது கிரகக் கோயிலையும் ஒரே மூச்சில் முடிக்கிறோம் என்று காசு வாங்கியிருப்பார்கள்.

என் மகன் மறக்காத இடம் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே சிவபெருமான் தன் அடியார் சண்டேசருக்குத் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் ஒன்று உண்டு. சண்டேசர் கைகூப்பிக் குனிந்து உட்கார்ந்திருப்பார், மாலை சுற்றும் அந்த விரல்களில் அவ்வளவு நிதானம். அப்படிச் சண்டேசர் உருவில் முடிசூடுகிறவர் அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழன்தான் என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த ராஜேந்திரன் 1025-ல் கப்பல் அனுப்பிக் கடாரத்தைப் பிடித்தவன். கடாரம் நம்முடைய கெடா. அங்கே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் எங்களை எந்த ஊர் என்று கேட்டதும் மகன் முந்திக்கொண்டு, ‘கடாரத்துக்குப் பக்கம் ஐயா’ என்றான். அவர் விளக்கை வைத்துவிட்டு, எங்களை அந்தச் சிற்பத்துக்கு முன்னால் மறுபடி கூட்டிப்போய் நிறுத்தி விளக்கினார். பள்ளிச் சுற்றுலாவில் கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்த பிள்ளை, அங்கே கண்ட கல் அடித்தளங்களை அவரிடம் சொன்னான். இரண்டு பேரும் பேசி முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.

நரசிங்கம்பேட்டைக்கும் போங்கள். நாதசுரம் கடைகிற ஊர், 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய ஆச்சா மரம்தான் வேண்டும் என்று இடிக்கிற வீடுகளின் உத்திரத்தைத் தேடி வாங்குகிறார்கள். தையில் போகிறீர்கள் என்றால் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் அமையலாம், பந்தலில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும்.

நாகப்பட்டினத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க மாட்டேன். எங்கள் பாட்டி அங்கேதான் ரஜுலா கப்பல் ஏறினார், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு நிறுத்துவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். பினாங்கில் வந்து இறங்கியவர் திரும்பிப் போகவே இல்லை. ரஜுலா 1973 வரை ஓடியது. துறைமுகத்தில் அந்தக் காலத்துக்கு அடையாளமாக ஒரு பலகையாவது இருக்கும் என்று தேடினேன், என் கண்ணில் எதுவும் படவில்லை. மீன்பிடிப் படகுகள், வலை உலர்த்துகிறவர்கள், அவ்வளவுதான். லட்சக்கணக்கான பேரை ஏற்றி அனுப்பிய கரை அது. அங்கே நாகூர் தர்காவுக்கும் போனோம். பினாங்கு சூலியா தெருவில் இதே நாகூர் ஆண்டவர் பேரில் இருக்கும் தர்காவைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்.

அப்புறம் மாமல்லபுரம். நாங்கள் போனபோது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. கட்ட முடியாத காசில்லை. ஆனாலும் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கும்போது மனசு என்னவோ செய்தது. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான். அதற்கு முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்குக் காகிதம் வேண்டும். எங்கள் தோட்டத்து ஆபீசில் பாட்டி பெயர் ஏறிய பழைய பதிவேடுகள் இருந்தன. தோட்டம் கை மாறியபோது அவற்றைச் சாக்கில் கட்டிப் பின்பக்கம் போட்டு எரித்தார்கள். நான் அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்தவள், ‘வேணாம் சார், அதுல ஆளுங்க பேரு இருக்கு’ என்று சொன்னேன். கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட்டோ பிறப்புப் பத்திரமோ ஒரு துண்டு இருந்தாலும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.

கடைசியாக, ‘ஏமாற்றுவார்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தீர்கள். ஆட்டோக்காரர் கூடக் கேட்பார், பேசிக் குறைக்கலாம். வீட்டு அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்கார அம்மா நாங்கள் கிளம்பிய அன்று காலையில், சுண்ணாம்பு அடிக்க என்று எதுவும் பிடிக்காமல், எண்ணிக் கையில் கொடுத்தார்.

ஆடி கழிந்து போவதுதான் நல்லது, வெயில் தணியும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், நடவு பார்க்கலாம். கும்பகோணம்தான் என்று முடிவு செய்தால் 2028-ல் மகாமகம் வருகிறது, அந்தக் குளத்தில் நீராடும் திருவிழா. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவது, போன தடவை 2016. அம்மா அதைப் பார்க்க ஆசைப்பட்டால் முந்தின வருஷமே வீட்டுக்குச் சொல்லி வையுங்கள், மாசி மாதத்தில் போய் நின்றால் குளத்தைச் சுற்றி ஒரு அறைகூடக் கிடைக்காது.